சி.எஸ். அன்பிளக்டு: எந்த வகுப்பில் எடுபடும், எங்கே சறுக்கும்?

கணினியைத் தொடாமலே கணிமைச் சிந்தனையை, அதாவது கணினி வேலை செய்யும் விதத்தில் சிக்கலைப் படிப்படியாகத் தீர்க்கும் முறையை, சொல்லிக்கொடுக்கும் இலவசப் பாடத்தொகுப்பு சி.எஸ். அன்பிளக்டு. நியூசிலாந்தின் கேன்டர்பரி பல்கலைக்கழகத்து டிம் பெல்லும் கூட்டாளிகளும் 1990களில் தொடங்கியது. ஒன்றாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை இது ஒன்றே போதும் என்று இறங்கினால் ஏமாற்றம்தான். மூன்று முதல் எட்டு வரை என்றால் இதை அடித்துக்கொள்ள ஆளில்லை.

சின்ன வகுப்புகளுக்கு 'கிட்பாட்ஸ்'. தரையில் கட்டம் போட்டு, ஒரு பிள்ளை கட்டளை எழுத, இன்னொன்று சரிபார்க்க, மூன்றாவது ரோபோவாக நடக்கும். முன்னே போ, இடப்பக்கம் திரும்பு, வலப்பக்கம் திரும்பு, அவ்வளவுதான் கட்டளை. 'திரும்பு' என்றதும் ரோபோ திரும்பியதோடு நிற்காது, ஓர் அடியும் வைத்துவிடும். அதனால் முதலில் மொத்த வகுப்பையும் எழுப்பி, நின்ற இடத்திலேயே திரும்பிப் பழகச் சொல்லுங்கள். அடுத்த தொல்லை, கட்டளை தப்பு என்று தெரிந்ததும் ரோபோ தானாகவே சரியான கட்டத்துக்குப் போய்விடுவது. நல்ல மனசுதான், ஆனால் எந்த அடியில் பிசகியது என்று தேடும் வேலையே இல்லாமல் போகிறது. எழுதியதை எழுதியபடியே நடக்க வேண்டும், சுவரில் முட்டினாலும் சரி.

0, 1 இரண்டை மட்டும் கொண்டு எழுதும் இரும எண்ணுக்கு 1, 2, 4, 8, 16 புள்ளிகள் உள்ள ஐந்து அட்டைகள், ஆளுக்கொன்றாக ஐந்து பேர் பிடித்து நிற்பார்கள்; புள்ளி தெரிந்தால் 1, மறைத்தால் 0. இப்படி 0 முதல் 31 வரை காட்டலாம். வகுப்பைப் பார்த்து நிற்பவர்களின் வலக்கை ஓரத்தில் 16 இருக்க வேண்டும். மாற்றி நிறுத்தினால் உட்கார்ந்திருப்பவர்கள் எண்ணைத் தலைகீழாகப் படிப்பார்கள்.

தொகுப்பின் மகுடம் அட்டை வித்தை. ஒரு பக்கம் கறுப்பும் மறுபக்கம் வேறு நிறமும் கொண்ட 36 அட்டைகள் வேண்டும். மாணவர் 25 அட்டைகளை ஐந்துக்கு ஐந்தாக இஷ்டப்படி அடுக்கட்டும். 'இன்னும் கடினமாக்குகிறேன்' என்று சொல்லி நீங்கள் ஆறாவது வரிசையும் (குறுக்கே) ஆறாவது நிரலும் (மேலிருந்து கீழே) சேர்க்கிறீர்கள். ஒவ்வொரு வரிசையிலும் நிரலிலும் கறுப்பின் எண்ணிக்கை இரட்டைப்படையாக வரும்படி. நீங்கள் முதுகைக் காட்டி நிற்கும்போது ஒருவர் ஓர் அட்டையைப் புரட்டுவார். கறுப்பு ஒற்றைப்படையான வரிசையும் நிரலும் சந்திக்கும் இடத்தில் அந்த அட்டை. மூலை அட்டையைப் பற்றிக் கவலை வேண்டாம், வரிசைக்குச் சரியாக வைத்தால் நிரலுக்கும் சரியாகவே வரும். ஆசிரியர்கள் தடுமாறுவது கறுப்பே இல்லாத வரிசையில்: பூஜ்ஜியமும் இரட்டைப்படைதான். மெல்லிய தாள் வேண்டாம், காற்றில் ஒன்று தானாகப் புரண்டால் வித்தை போச்சு.

ஏழாம், எட்டாம் வகுப்பில் இதோடு விடாதீர்கள். ஒரே வரிசையில் இரண்டைப் புரட்டினால்? இரண்டு நிரல்கள் காட்டிக்கொடுக்கும், வரிசை தெரியாது. செவ்வகத்தின் நான்கு மூலைகளையும் புரட்டினால் தவறு நடந்ததே தெரியாது. பிழையைக் கண்டுபிடிப்பது வேறு, திருத்துவது வேறு என்பது அங்கேதான் உறைக்கும். புத்தகத்தின் பின்னட்டையிலுள்ள 13 இலக்க ஐ.எஸ்.பி.என். எண்ணில் கடைசி இலக்கம் எதற்கு என்று அப்போது கேளுங்கள்; அதுவும் பிழையைக் கண்டுபிடிக்கத்தான்.

தரையில் வரையும் வரிசைப்படுத்தும் வலையும் அருமை, ஆறு பேர் போதும். ஆளுக்கோர் எண்ணோடு கோடுகளில் நடந்து, வட்டத்தில் சந்திக்கும் இருவர் எண்களை ஒப்பிட்டு, சிறியது ஒரு பக்கமும் பெரியது மறுபக்கமும் போனால், கடைசியில் எண்கள் வரிசையாக நிற்கும். இணை வரும்வரை வட்டத்தில் காத்திருக்காமல் ஓடுகிறவர்தான் அதைக் கெடுப்பார்.

பெரிய குறை ஒன்று. விளையாட்டு முடிந்து கைதட்டியதும் மணியடித்துவிடும். 'இது கணினியில் எங்கே வருகிறது' என்ற பேச்சு நடக்காமலே போகும். கடைசிப் பதினைந்து நிமிடத்தை அதற்கென்றே ஒதுக்குங்கள்.

ஒன்பதுக்கு மேல் அட்டை மட்டும் எடுபடாது, கணினிக்கான நிரல் (புரோகிராம்) எழுத வேண்டும். அதே அட்டை வித்தையைப் பைத்தான் என்ற நிரல்மொழியில் கொடுக்கலாம்: ஆறுக்கு ஆறு பட்டியலில் கறுப்புக்கு 1, மற்றதற்கு 0 என நிரப்பி, ஒவ்வொரு வரிசையின், நிரலின் கூட்டலையும் இரண்டால் வகுத்து மீதி 1 வரும் இடத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். நான்காம் வரிசையில் புரட்டியதற்குப் பாதி வகுப்பின் திரையில் 3 என்று வரும். பைத்தான் பூஜ்ஜியத்திலிருந்து எண்ணுகிறது என்பதை நீங்கள் முந்திக்கொண்டு சொல்லாதீர்கள்.