எட்டு ஆண்டுகளாக நிரப்பும் படிவம்: சம்பள உயர்வு, ஆட்கள் வேலையை விட்டு நிற்பது, நோய் விடுப்பு ஒப்பீடு

2018 முதல் ஆண்டுதோறும் பணம் கட்டி ஓர் ஒப்பீட்டு அறிக்கை வாங்குகிறோம். கோவையில் பம்ப்செட்டுக்கான வார்ப்பும் கடைசல் வேலையும் செய்யும் நடுத்தர ஆலை எங்களுடையது. பணியாளர் பிரிவு என் பொறுப்பு. ஜூன் மாதம் ஒரு படிவம் வரும். எத்தனை சதவீதம் சம்பளம் உயர்த்தினீர்கள், எத்தனை பேர் வேலையை விட்டு நின்றார்கள், உடம்பு சரியில்லை என்று எத்தனை நாள் போயிற்று என்று கேட்டிருக்கும். நிரப்பி அனுப்பினால் இரண்டு மாதத்தில், நம்மைப் போன்ற ஆலைகளின் வரிசையில் நாம் எங்கே நிற்கிறோம் என்று காட்டும் அட்டவணைகள் வந்து சேரும். யார் தயாரிப்பது என்று சொல்லப் போவதில்லை.

முதல் அறிக்கை வந்த அன்று முதலாளிக்கு ஏக மகிழ்ச்சி. சம்பள உயர்வில் முன்வரிசையில் இருந்தோம். அடுத்த ஆண்டு கடைசிக்குப் போய்விட்டோம். ஆலையில் எதுவுமே மாறவில்லை. தொழிற்சங்கத்தோடு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை, தொழிலாளர் துறை அலுவலர் முன்னிலையில் ஊதிய ஒப்பந்தம் போடுகிறோம். பேசி முடித்த தொகையில் பாதி முதல் ஆண்டில், மீதி கால் காலாக அடுத்த இரண்டு ஆண்டுகளில். ஆக, முதல் ஆண்டு வள்ளல், அடுத்த இரண்டு ஆண்டும் கஞ்சன். மூன்று ஆண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் எங்கள் உண்மை நிலவரம் தெரியும். படிவத்தில் அதற்கு இடமில்லை.

சதவீதமே ஒரு வேடிக்கைதான். ஒப்பந்தத்தில் நாங்கள் ரூபாயில் பேசுகிறோம். 2,000 ரூபாய் உயர்வு, 16,000 வாங்குகிறவருக்குப் பன்னிரண்டரை சதவீதம். 40,000 வாங்கும் மூத்த டர்னருக்கு ஐந்து சதவீதம். இவற்றைக் கூட்டி வகுத்து ஒரே எண்ணாக எழுதும்போது இரண்டு பேருமே காணாமல் போய்விடுகிறார்கள். பஞ்சப்படிக் குழப்பம் தனி. எங்களிடம் விலைவாசிக் குறியீட்டெண் ஏற ஏறப் புள்ளிக்கு இவ்வளவு என்று பஞ்சப்படி தானாக ஏறும். பக்கத்து ஆலையில் அதெல்லாம் கிடையாது, எல்லாமே இன்கிரிமெண்டுக்குள் அடக்கம். இருவரும் ஒரே கட்டத்தில் ஒரு எண்ணை எழுதுகிறோம். 2020 செப்டம்பரில் தொழிலாளர் விலைவாசிக் குறியீட்டெண்ணின் அடிப்படை ஆண்டு, அதாவது 100 என்று வைத்து எண்ணத் தொடங்கும் ஆண்டு, 2001-இலிருந்து 2016-க்கு மாறியபோது, 330-களில் இருந்த எண் 118 ஆகிவிட்டது. 2.88 ஆல் பெருக்கினால் பழைய கணக்கு வந்துவிடும். ஆனால் அதைச் சங்கக் கூட்டத்தில் கரும்பலகையில் போட்டுக் காட்டும்வரை, பஞ்சப்படியை வெட்டப் போகிறார்கள் என்றுதான் பேச்சு.

ஆள் நிற்பதைப் பற்றிய பகுதிக்கு வருகிறேன். நின்றவர்களின் எண்ணிக்கையைச் சராசரி ஆள்பலத்தால் வகுத்து நூறால் பெருக்க வேண்டும், அவ்வளவுதான். ஆனால் யார் நின்றவர்? ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்தவர்கள் பண்டிகைக்கு ஊருக்குப் போய் இரண்டு மாதம் கழித்துத் திரும்புகிறார்கள். கணக்கு முடித்து அனுப்பியிருந்தால் அவர் நின்றவர், திரும்பி வரும்போது புதியவர். முடிக்காமல் விட்டிருந்தால் நீண்ட விடுப்பில் இருப்பவர். 2020 ஊரடங்கில் ரயிலேறியவர்களை நான் ஓராண்டு முழுவதும் பதிவேட்டில் வைத்திருந்தேன். மற்ற ஆலைகள் என்ன செய்தன என்பது அறிக்கையில் தெரியாது. ஒப்பந்தத் தொழிலாளர்களைச் சேர்ப்பவர்கள் உண்டு, விடுபவர்களும் உண்டு.

ஆனாலும் இந்தப் பகுதிதான் எனக்கு ஒரு வேலை செய்து கொடுத்தது. எங்கள் எண் மற்றவர்களைவிட மோசம் என்று மூன்று ஆண்டுகள் தொடர்ந்து வந்ததும், ரோஷத்தில் பழைய பதிவேடுகளை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். நூறு பேர் உள்ள இடத்தில் அறுபது பேர் நின்றார்கள் என்றால் அறுபது இடங்கள் காலியாயின என்று பொருளில்லை. பத்து இடங்கள் ஆறு முறை காலியாகியிருக்கலாம். எங்களுக்கு நடந்தது ஏறக்குறைய அதுதான். மெஷின் ஷாப்பில் பத்து ஆண்டு அனுபவக்காரர்கள் அசையாமல் இருக்க, வார்ப்பைத் தேய்த்துச் சுத்தம் செய்யும் ஃபெட்லிங் பிரிவில் மட்டும் ஆட்கள் வந்து வந்து போனார்கள். அதிலும் பெரும்பாலோர் முதல் சம்பளம் வாங்கிய மறுவாரமே. தரகர் ஊரில் சொன்ன தொகை ஒன்று, பி.எஃப். 12 சதவீதமும் சாப்பாட்டுப் பிடித்தமும் போகக் கைக்கு வந்த தொகை வேறு. தூசியும் வெயிலும் காரணம் என்று மேற்பார்வையாளர்கள் சொல்லிக்கொண்டிருந்ததை நானும் நம்பியிருந்தேன். இப்போது சேரும் அன்றே, கையில் என்ன வரும் என்பதை இந்தியிலும் ஒடியாவிலும் எழுதிக் கொடுக்கிறோம். சிலர் படித்துவிட்டு வாசலிலேயே திரும்பிப் போகிறார்கள். அவர்களை எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று தெரியவில்லை.

நோய் விடுப்புப் பகுதியை நான் நம்புவதே இல்லை. தொழிலாளர் காப்பீடான இ.எஸ்.ஐ. தரும் மருத்துவச் சான்றிதழை வைத்து எண்ணினால் குறைவாக வரும். அதன் நோய்க்கால உதவித்தொகையில் முதல் இரண்டு நாளுக்குப் பணம் கிடையாது. ஒரு நாள் காய்ச்சலுக்கு யார் மருந்தகத்தில் போய் வரிசையில் நிற்பார்கள்? வருகைப் பதிவேட்டை வைத்து எண்ணினால் அதிகமாக வரும். முகூர்த்த நாட்களில் எங்கள் ஆலையில் வயிற்று வலி பரவும். தங்கை மகளின் காதுகுத்துக்கும் காய்ச்சல்தான், தோட்டத்தில் மஞ்சள் வெட்டுக்கும் காய்ச்சல்தான்.

அறிக்கையின் பின்னிணைப்பில் பிராட்ஃபோர்டு எண் என்று பிரிட்டனில் பிறந்த ஒரு கணக்கு இருந்தது. எத்தனை முறை வரவில்லையோ அதன் வர்க்கத்தை, வராத மொத்த நாட்களால் பெருக்க வேண்டும். ஒரே மூச்சில் பத்து நாள் படுத்தவருக்கு 10. பத்து முறை ஒவ்வொரு நாள் வராதவருக்கு 1,000. ஷிப்ட் ஓட்டுகிறவனுக்கு இது புரியும். முன்கூட்டித் தெரிந்த பத்து நாளைவிடச் சொல்லாமல் வராத ஒரு நாள்தான் லைனைப் படுக்க வைக்கிறது. ஆறு மாதம் போட்டுப் பார்த்தேன். பட்டியலில் முதலில் வந்தவர் வாரம் ஒருமுறை மனைவியை டயாலிசிஸுக்கு அழைத்துப் போகும் கோர்மேக்கர், வார்ப்பின் உட்குழிவுக்கு மணல் அச்சு செய்பவர். அதோடு அந்தக் கணக்கை மூடிவிட்டேன்.

ஐம்பது பேருக்குக் கீழே உள்ள பட்டறைகளுக்கு இந்த அறிக்கை வேண்டியதில்லை. இரண்டு பேர் நின்றாலே சதவீதம் எகிறும். வாங்குவதானால் முதலில் வரையறைப் பக்கத்தைக் கேட்டு வாங்குங்கள். எங்களுக்கு அது வந்தது ஐந்தாம் ஆண்டில்தான், அதுவும் மூன்று மின்னஞ்சல்களுக்குப் பிறகு. சராசரியை விட்டுவிட்டு, வரிசையின் நடுவில் நிற்கும் எண்ணைப் பாருங்கள். அக்கம்பக்கத்து ஆலைகளின் பணியாளர் அலுவலர்கள் நான்கு பேரோடு காலாண்டுக்கு ஒருமுறை டீ குடிப்பதில் எனக்குக் கிடைக்கும் தகவல் இதைவிடத் துல்லியம் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

மூன்று எண்களும் தனித்தனி அட்டவணைகளில் இருப்பதுதான் இதன் பெரிய குறை. போன ஆண்டு கணினிக் கட்டுப்பாட்டில் ஓடும் சி.என்.சி. எந்திரத்தை இயக்குபவர் ஒருவர் என் அறைக்கு வந்து, “சார், எனக்கு 20,900-இலேயே நிறுத்திவிடுங்கள்” என்றார். மாதச் சம்பளம் 21,000-ஐத் தாண்டினால் இ.எஸ்.ஐ. போய்விடும். அவருடைய அம்மாவுக்கு இதயச் சிகிச்சை அதில்தான் நடந்துகொண்டிருந்தது. உயர்வை மறுக்கிறார், ஆனால் அதிகம் கொடுக்கும் பக்கத்து ஆலைக்குப் போகவும் மாட்டார். எந்த அட்டவணையில் இவர் தெரிவார்? உயர்வை ஏப்ரல் 1-இல் போட்டால், இ.எஸ்.ஐ.யின் அரையாண்டுப் பங்களிப்புக் காலம் அன்று தொடங்கும்போதே அவர் வெளியே. மே மாதம் போட்டால், அந்த அரையாண்டு முடியும் செப்டம்பர் 30 வரை பங்களிப்பு பிடித்தாக வேண்டும். அதற்கான பலன் காலம், அதாவது அந்தப் பங்களிப்புக்கு உதவி கிடைக்கும் காலம், அடுத்த ஜனவரி முதல் ஜூன் வரை வரும். மேயில் போட்டோம். ஏப்ரலுக்கான தொகையை எப்படி ஈடுகட்டுவது என்று முதலாளி கேட்டதற்கு, அந்தத் தொழிலாளி அதைக் கேட்கவில்லை என்றேன்.