டம்மி டக் செய்து எட்டு மாதம் கழித்து எழுதுகிறேன்

சென்னையில் ஒரு தனியார் மருத்துவமனையில் டம்மி டக், அதாவது வயிற்றில் தொங்கும் தோலை வெட்டி எடுத்து இறுக்கும் ஆபரேஷன், செய்துகொண்டேன். பார்க்கிறவர்கள் எல்லோரும் கேட்பது ஒன்றுதான், தொப்பை போச்சா? எனக்குப் போனது தொங்கிய தோலும் அதோடு ஒட்டியிருந்த கொழுப்பும். இரண்டு சிசேரியனுக்கு அப்புறம் அடிவயிறு பழைய தழும்பின் மேல் மடிந்து விழுந்து, கோடையில் அந்த மடிப்பு வேர்த்து வேர்த்துப் புண்ணாகிவிடும், 14 கிலோ குறைத்த பிறகும் அது அப்படியே தொங்கியதால்தான் போனேன்.

முதலில் போன இடத்தில் டாக்டரைப் பார்ப்பதற்கு முன்பே ஆலோசகர் ஒருவர், "ஒரே ஆபரேஷன், பத்து கிலோ போயிடும் மேடம்" என்று சொல்லி முன்பணம் கேட்டார். சுத்தப் பொய். இரண்டாவது டாக்டர் என்னைப் படுக்க வைத்து, தலையை மட்டும் தூக்கச் சொல்லி, தொப்புளுக்கு மேலே விரல் வைத்தார். மூன்று விரல் உள்ளே இறங்கியது. கர்ப்பத்தில் விலகிய வயிற்றுத் தசைகள் திரும்பச் சேரவில்லை, எத்தனை உடற்பயிற்சி செய்தும் வயிறு முன்னால் தள்ளிக்கொண்டே இருந்தது அதனால்தான். அந்த இடைவெளியைத் தைத்து இறுக்குவதும் இந்த ஆபரேஷனில் சேர்ந்ததுதான்.

கூட வந்த என் கணவர் தன் தொப்பையையும் காட்டினார். டாக்டர் கிள்ளிப் பார்த்தார், விரலுக்கு ஒன்றும் பெரிதாகச் சிக்கவில்லை, பானை மாதிரி கெட்டியாக இருந்தது. "இது தசைக்கு உள்ளே, குடலைச் சுற்றி இருக்கிற கொழுப்பு சார். டம்மி டக்கும் கொழுப்பை உறிஞ்சி எடுக்கிற லைப்போசக்‌ஷனும் அங்கே போகாது. சாப்பாட்டைக் குறைங்க, நடங்க" என்றார். சர்க்கரை, மாரடைப்பு என்று நாம் பயப்படுவதற்கெல்லாம் அதிகம் காரணமாவது இந்த உள்கொழுப்புதான். இந்தியர்களில் ஆண்களுக்கு இடுப்புச் சுற்றளவு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. தாண்டினாலே கவனிக்க வேண்டும்.

ஆபரேஷன் மூன்று மணி நேரம். எடுத்தது ஒன்றேகால் கிலோ, அவ்வளவுதான். இடுப்பின் இரண்டு பக்கமும் டிரெயின் குழாய், நுனியில் முட்டை அளவு ரப்பர் குமிழ், நர்ஸ் காலையும் மாலையும் அதில் சேர்ந்த சிவப்பு நீரை அளந்து எழுதிக்கொள்வார். காலில் ரத்தம் கட்டிவிடக் கூடாது என்று மறுநாளே நடக்கவிட்டார்கள். ஒரு வாரம் கூனிக்கொண்டுதான் நடந்தேன். ஆறு வாரம் வயிற்றைச் சுற்றி பெல்ட், ஆறு வாரம் கனம் தூக்கக் கூடாது. என் சின்னவளுக்கு மூன்று வயது, கை நீட்டி அழுதாலும் தூக்க முடியாது, அதுதான் வலியைவிடக் கொடுமையாக இருந்தது. அம்மா வந்து ஒன்றரை மாதம் கூடவே இருந்தார், வீட்டில் அப்படி ஒரு ஆள் இல்லாமல் தேதி வாங்காதீர்கள்.

தழும்பு ஒரு இடுப்பெலும்பிலிருந்து மறு இடுப்பெலும்பு வரை நீளம், உள்ளாடைக்குள் மறைந்துவிடுகிறது. தொப்புளுக்குக் கீழே இருந்த பிரசவக் கோடுகள் தோலோடு போய்விட்டன, மேலே இருந்தவை கொஞ்சம் இறங்கி அப்படியே இருக்கின்றன. அடிவயிற்றில் ஒரு கை அகலத்துக்கு இன்னும் மரத்துத்தான் இருக்கிறது. இன்சூரன்ஸ் கிடைக்கவில்லை, அழகு சிகிச்சை என்று ஒதுக்கிவிட்டார்கள். பெல்ட்டுக்குத் தனிக் காசு என்பதை மருத்துவமனை டிஸ்சார்ஜ் அன்று சொன்னது எனக்குப் பிடிக்கவே இல்லை.

ஆனால் டாக்டருக்கு முழு மதிப்பெண். எடை ஒரே நிலையில் ஆறு மாதம் நின்ற பிறகு வரச் சொன்னார், இன்னொரு குழந்தை வேண்டுமென்றால் பெற்ற பிறகு வரச் சொன்னார். எடை ஏறினால் வயிறும் திரும்ப ஏறும் என்பதையும் மறைக்கவில்லை. இந்தக் கோடையில் மடிப்பும் இல்லை, புண்ணும் இல்லை, பவுடர் டப்பா அலமாரியில் அப்படியே கிடக்கிறது.