“4கே சப்போர்ட்” என்று போட்டிருந்தால் பணத்தைக் கட்டாதீர்கள்

சுங்கை சிப்புட் வட்டாரத்தில் வீட்டிலிருந்தே தட்டச்சு, வடிவமைப்பு வேலை செய்கிறவர்கள் தயவுசெய்து இதை முழுக்கப் படியுங்கள். 27 அங்குலக் கணினித் திரை, “4கே” (சாதாரணத் திரையைப்போல் நான்கு மடங்கு புள்ளிகள் உள்ளது), 599 வெள்ளி (மலேசிய ரிங்கிட்) என்று விளம்பரம் கண்ணில் பட்டால் உடனே பணத்தை அனுப்பிவிடாதீர்கள். நான் அனுப்பினேன். வந்தது 4கே திரை இல்லை. அதைக் கண்டுபிடிக்க ஏழு வாரம் ஆனது. அதற்குள் தேவையில்லாமல் ஒரு மூக்குக்கண்ணாடி மாற்றினேன், ஒரு கல்யாணப் பத்திரிகையை என் செலவில் மறுபடியும் அச்சடித்துக் கொடுத்தேன்.

இருபது வருடங்களுக்கு மேலாக இந்தத் தொழில்தான். தோட்டத்துக் கோயில் திருவிழா நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை, கருமக்கிரியை அழைப்பு, தமிழ்ப்பள்ளி ஆண்டு மலர் எல்லாம் முரசு அஞ்சல் என்ற தமிழ் மென்பொருளில் தட்டி, பக்கம் கட்டி, அச்சகத்துக்கு அனுப்புவேன். நாள் முழுக்கத் தமிழ் எழுத்தைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அதனால்தான் நல்ல திரைக்கு இத்தனை வருடம் ஆசைப்பட்டேன்.

சாதாரண 27 அங்குலத் திரையில் குறுக்கே 1920, நெடுக்கே 1080 புள்ளிகள் (பிக்சல்). அதாவது ஓர் அங்குலத்துக்கு 82 புள்ளிதான். 10 பாயிண்ட் எழுத்து ஒன்று அதில் ஏறக்குறைய 11 புள்ளி உயரத்துக்குள் அடங்கியாக வேண்டும். அந்தப் பதினொன்றுக்குள் கொம்பு, சுழி, கொக்கி, மேலே மெய்ப்புள்ளி எல்லாம் வரவேண்டும். எப்படி வரும்? மூன்று சுழி ‘ண’வும் இரண்டு சுழி ‘ன’வும் ஒரே மாதிரி கறுப்பாகத் தெரியும். மெய்ப்புள்ளி, எழுத்தின் தலையோடு ஒட்டிக்கொள்ளும். 4கே என்றால் 3840க்கு 2160. அதே 27 அங்குலத்தில் அங்குலத்துக்கு 163 புள்ளி, மொத்தத்தில் நான்கு மடங்கு. ஆங்கில எழுத்துக்கு இது வசதி என்றால் நம் எழுத்துக்கு இது அவசியம்.

இந்தத் திரை ஒன்றும் நேற்று வந்த அதிசயமில்லை. ஐபிஎம் 2001இலேயே 22 அங்குலத்தில் 3840க்கு 2400 புள்ளி வைத்துத் திரை செய்துவிட்டது. விலை பல ஆயிரம் அமெரிக்க டாலர். மருத்துவமனைகளும் ஆய்வுக்கூடங்களும் வாங்குகிற பொருள். அதற்குப் பிறகு பெரும்பாலான மேசைத் திரைகள் தொலைக்காட்சியின் 1080 அளவிலேயே வருடக்கணக்காக நின்றுவிட்டன. தொலைக்காட்சிக்கு அந்த அளவில் மலை மலையாகத் தயாரித்தார்கள், அதனால் அதுதான் மலிவு. 2010இல் வந்த ஐபோன் 4இல் அங்குலத்துக்கு 326 புள்ளி. கையில் இருக்கிற சின்னக் கண்ணாடியில் ‘ண்’ அச்சடித்த மாதிரி தெரிகிறது, பிழைப்புக்காகப் பார்க்கிற பெரிய திரையில் தெரியவில்லையே என்று அப்போது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருந்தது.

2014 தொடக்கத்தில் டெல் நிறுவனம் 28 அங்குல 4கே திரையை 699 அமெரிக்க டாலருக்கு விட்டது. இனி நமக்கும் எட்டும் என்று நினைத்தேன். ஆனால் அது 4கேயில் வினாடிக்கு 30 தடவைதான் படத்தைப் புதுப்பிக்கும். மவுஸை நகர்த்தினால் அம்புக்குறி தத்தித் தத்திப் போகும் என்று படித்ததும் விட்டுவிட்டேன். 60 தடவை ஓடுகிற திரைகள் விலை இறங்கும்போது நம் வெள்ளி விழுந்தது. 2014 நடுவில் ஒரு டாலருக்கு 3.20 வெள்ளி அளவில் இருந்தது, அடுத்த வருடம் செப்டம்பரில் 4.40ஐத் தொட்டது. நடுவில் 2015 ஏப்ரலில் ஜிஎஸ்டி 6 விழுக்காடு வேறு. அங்கே விலை இறங்க இறங்க இங்கே இறங்கவே இல்லை. பிறகு பிள்ளைகள் படிப்பு, அப்பாவின் டயாலிசிஸ். திரை பின்னுக்குப் போய்க்கொண்டே இருந்தது.

இதையெல்லாம் ஏன் சொல்கிறேன் என்றால், இவ்வளவு காலம் காத்திருந்தவர்களிடம்தான் இந்தப் பொருள் விலைபோகிறது. போன வருடம் தீபாவளிக்கு முன்பு அந்த விளம்பரம் வந்தபோது, பேர் தெரிந்த நிறுவனங்களின் 27 அங்குல 4கே திரைகள் ஆயிரம் வெள்ளிக்கு மேல் இருந்தன. 599 என்றதும் பண்டிகைக் கழிவு என்று நினைத்துக்கொண்டேன். விற்றவர் வேறு ஊர்க்காரர், தமிழ்ப் பையன். வாட்ஸ்அப்பில் குரல் பதிவு அனுப்பினார்: “அக்கா, இது 4கே சப்போர்ட் பண்ணும், டிசைன் வேலைக்கு சூப்பரா இருக்கும். நம்ம ஆளுங்க நிறைய பேர் எடுத்திருக்காங்க லா.” நான் எழுத்தில் கேட்டேன்: “தம்பி, இது உண்மையான 4கே தானே?” “ஒரிஜினல் 4கே அக்கா” என்று பதில் வந்தது. இந்த ஒரு வரிதான் பின்னால் என்னைக் காப்பாற்றியது.

பெட்டி வந்தது. பெட்டியில் மாடல் எண்ணே இல்லை. ‘27 எல்இடி மானிட்டர்’ என்று மட்டும் இருந்தது. அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும். கணினியில் மாட்டியதும் விண்டோஸ் தானாக 1920க்கு 1080 என்று வைத்து, அதற்குப் பக்கத்தில் ‘பரிந்துரைக்கப்படுகிறது’ என்று காட்டியது. பையனிடம் கேட்டேன். “முதல்ல அப்படித்தான் காட்டும் அக்கா, நீங்க மாத்திக்கலாம்” என்றார். பட்டியலில் 3840க்கு 2160ம் இருந்தது. அதைத் தேர்ந்தெடுத்தேன், திரையும் ஏற்றுக்கொண்டது. கணினியே 3840 என்று சொல்லும்போது நான் எதைச் சந்தேகப்படுவது?

ஆனால் எழுத்து தெளியவில்லை. பழைய திரையைவிடவும் ஒரு மூட்டம் போட்ட மாதிரி இருந்தது. வயது நாற்பத்தாறு, கண்தான் போய்விட்டது என்று முடிவு கட்டினேன். பஜாரில் கண்ணாடிக் கடைக்குப் போய்ப் பரிசோதித்து, 380 வெள்ளிக்குப் புதுக் கண்ணாடி போட்டேன். அது கைக்கு வருவதற்குள் திரையைத் திருப்பி அனுப்பும் ஏழு நாள் கெடு முடிந்திருந்தது. புதுக் கண்ணாடியிலும் மூட்டம் போகவில்லை.

அடுத்த மாதம் ஒரு கல்யாணப் பத்திரிகை. மாப்பிள்ளை பேருக்கு முன்னால் ‘திருநிறைச்செல்வன்’. கடைசி எழுத்தின் மேல் புள்ளி விழவில்லை. ‘திருநிறைச்செல்வன’ என்று 300 பத்திரிகை அச்சாகி வந்தது. திரையில் நான் மூன்று தடவை பார்த்தேன். அந்த மூட்டத்தில் புள்ளி இருப்பதுபோலவே தெரிந்தது. பத்திரிகையைக் கையில் வாங்கிய பெண்ணின் அம்மா ஒரு வார்த்தை திட்டவில்லை. “பரவால்ல மா, பேனாவால வெச்சுக்கலாம்” என்றார். அவர் செம்பனைத் தோட்டத்தில் உதிரிப் பழம் பொறுக்கி, சீட்டுக் கட்டி, மகள் கல்யாணத்தை நடத்துகிறவர். முந்நூறு பத்திரிகையில் பேனாவால் புள்ளி வைக்க அவரை விட்டுவிட்டு என்னால் தூங்க முடியுமா? அன்று இரவே அச்சகத்துக்குச் சொல்லி மறுபடி அடித்துக் கொடுத்தேன். 420 வெள்ளி.

உண்மையைக் கண்டுபிடித்தது என் அக்கா மகன். ஈப்போவில் படிக்கிறான், வார இறுதியில் வந்திருந்தான். “சின்னம்மா, இது கண்ணு இல்ல, திரைதான்” என்றான். எப்படிச் சோதித்தான் என்பதைச் சொல்கிறேன், நீங்களும் செய்யலாம். திரையை 3840க்கு 2160இல் வைத்து, விண்டோஸில் எழுத்துப் பெரிதாக்கும் அளவை 100 விழுக்காட்டுக்குக் குறைத்தான். பெயிண்ட் நிரலில் ஒரு புள்ளி அகலக் கறுப்புக் கோடு, ஒரு புள்ளி அகல வெள்ளைக் கோடு என்று மாற்றி மாற்றிப் போட்ட படத்தைப் பெரிதாக்காமல், சிறிதாக்காமல் அப்படியே திறந்தான். நான் பிழை திருத்த வைத்திருக்கும் பூதக்கண்ணாடியைத் திரையில் வைத்துப் பார்க்கச் சொன்னான். உண்மையான 4கேயாக இருந்தால் கறுப்பும் வெள்ளையும் தனித்தனிக் கோடாகத் தெரிய வேண்டும். எனக்குத் தெரிந்தது வெறும் சாம்பல் நிறம்.

உள்ளே இருந்த பேனல், அதாவது படத்தைக் காட்டும் பலகை, 1920க்கு 1080தான். கணினி அனுப்பும் 4கே படத்தை அந்தத் திரை வாங்கிக்கொள்ளும்; வாங்கி, நான்கு புள்ளியை ஒரு புள்ளியாகக் கலந்து காட்டும். ‘சப்போர்ட்’ என்பதற்கு அவர்கள் வைத்திருக்கும் அர்த்தம் இவ்வளவுதான். இரண்டு கோட்டைக் கலந்தால் சாம்பல், மெய்ப்புள்ளியை எழுத்தோடு கலந்தால் மூட்டம். அந்தத் திரையில் நேரடியாக 1080 வைத்துப் பார்த்தபோது எழுத்து இன்னும் கொஞ்சம் தெளிவாகவே இருந்தது. அப்போது எனக்கு அழுகை வந்துவிட்டது.

பையனை அழைத்தேன். “சப்போர்ட்னுதானே போட்டிருக்கோம் அக்கா. 4கே போட்டா ஓடுதா இல்லியா? ஏழு நாளும் முடிஞ்சிருச்சு.” அதற்குப் பிறகு அவர் தொலைபேசியை எடுக்கவில்லை. விளம்பரத்தைத் தேடிப் போனால் வாசகங்களை மாற்றியிருந்தார்கள். நான் படம் பிடித்து வைக்கவில்லை. நீங்கள் பணம் கட்டுவதற்கு முன்பே விளம்பரப் பக்கத்தை முழுக்கப் படம் பிடித்து வைத்துவிடுங்கள்.

ஏழு நாள் முடிந்தால் எல்லாம் முடிந்தது என்று நம்மில் பலர் விட்டுவிடுகிறோம். அப்படி இல்லை. 1999ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டப்படி, பொருள் அதைப் பற்றிச் சொன்ன விவரத்தோடு ஒத்திருக்க வேண்டும். கடைக்காரர் தானாக வைக்கும் ஏழு நாள் விதி இந்த உரிமையை அழிக்காது. பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கைக்கு மனு போடலாம். கட்டணம் 5 வெள்ளி, வழக்கறிஞர் தேவையில்லை, மூன்று ஆண்டுக்குள் போட்டால் போதும். முதல் மனுப் படிவத்தை அக்கா மகனே மலாயில் நிரப்பிக் கொடுத்தான். ‘ஒரிஜினல் 4கே’ என்ற அந்த வாட்ஸ்அப் பதிலையும், பணம் கட்டிய ரசீதையும், கோட்டுப் படச் சோதனையின் புகைப்படங்களையும் சேர்த்தோம்.

விசாரணை நாளில் ஈப்போவுக்குத் திரையையே காரில் தூக்கிக்கொண்டு போனேன். கடைத் தரப்பில் வந்தவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. அந்த வாட்ஸ்அப் வரியைப் படித்துக் காட்டியதும் சமரசத்துக்கு ஒப்புக்கொண்டார். அதைத் தீர்ப்பாகவே பதிவு செய்தார்கள். 599 வெள்ளி திரும்பி வந்தது. கண்ணாடியும் பத்திரிகையும் வரவில்லை, ஏனென்றால் மனுவில் நான் அவற்றைக் கேட்கவே இல்லை. திரையின் விலையை மட்டும்தான் எழுத வேண்டும் என்று நினைத்துவிட்டேன். நீங்கள் மனு எழுதினால் அந்தப் பொருளால் வந்த மற்ற நட்டத்தையும் ரசீதோடு எழுதுங்கள்.

வாங்கப் போகிறவர்கள் “4கேயா?” என்று கேட்காதீர்கள். “பேனலின் நேட்டிவ் ரெசொலூஷன் எத்தனை?” (பேனலில் உண்மையிலேயே எத்தனை புள்ளி) என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். 3840க்கு 2160 என்று எண்ணாக எழுதிக் கொடுக்கத் தயங்கினால் விட்டுவிடுங்கள். மாடல் எண்ணைக் கேட்டு, அதைத் தயாரித்த நிறுவனத்தின் பக்கத்திலேயே போய்ப் பாருங்கள். உண்மையான 4கே என்றாலும், கணினியோடு இணைக்கும் வாய் எச்டிஎம்ஐ 1.4 மட்டும் இருந்தால் வினாடிக்கு 30 தடவைதான் ஓடும், எச்டிஎம்ஐ 2.0 அல்லது டிஸ்பிளேபோர்ட் 1.2 இருக்கிறதா என்று பாருங்கள், உங்கள் கணினியிலும் அது இருக்க வேண்டும். பெட்டி வந்த அன்றே கோட்டுப் படச் சோதனையைச் செய்துவிடுங்கள், மறுநாளைக்குத் தள்ள வேண்டாம்.

இன்று காலையிலும் அந்த விளம்பரத்தைப் பார்த்தேன். படம் மட்டும் புதிது. ‘4கே சப்போர்ட், டிசைனர்களுக்கு ஏற்றது’ என்ற வரி அப்படியே இருக்கிறது, விலை 579. கோட்டுப் படம் என்னிடம் இருக்கிறது. யாருக்கு வேண்டுமானாலும் அனுப்பி வைக்கிறேன். சுங்கை சிப்புட்டில் இருப்பவர்கள் திரையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கே வரலாம். பூதக்கண்ணாடி மேசை மேலேயேதான் இருக்கிறது.