அப்பாவின் பங்குகளும் ஒரு பூஜ்யமும்

தங்கையின் கணவர் மன்னார்குடியிலிருந்து போன வாரம் போன் செய்தார். "நீங்கள் பங்குக் கணக்கோடு ஏஐ உதவியாளரை இணைத்திருக்கிறீர்களாமே அத்தான், நானும் இணைக்கட்டுமா?" என்றார். போனில் சொல்லி முடிகிற விஷயமில்லை என்பதால் எழுதுகிறேன்.

இணைக்கும் முறை உங்களுக்கே தெரியும், மாப்பிள்ளை. ஏஐ உதவியாளரை வெளிக் கணக்குகளோடு இணைக்கும் எம்சிபி என்ற பொது வழிமுறையை ஆந்த்ரோபிக் என்ற ஏஐ நிறுவனம் 2024 நவம்பரில் வெளியிட்டது. அடுத்த ஆண்டே நம் நாட்டுப் பங்குப் புரோக்கர்கள் சிலரும் அதற்குக் கதவைத் திறந்துவிட்டார்கள். என் புரோக்கர் பார்ப்பதற்கு மட்டும்தான் அனுமதி தந்திருக்கிறார். உதவியாளர் ஆர்டர் போட முடியாது. அதில் எனக்குப் பெரிய நிம்மதி. கடவுச்சொல்லும் அதன் கைக்குப் போவதில்லை. ஆனால் கணக்கில் இருப்பதெல்லாம் உதவியாளரை நடத்தும் நிறுவனத்தின் கணினிக்குப் போகிறது என்பதை மறக்க வேண்டாம்.

எட்டு மாதம் பயன்படுத்தினேன். நடவு நாள்களில் காலை 9.15 முதல் மாலை 3.30 வரை சந்தை என்ன ஆனது என்றே எனக்குத் தெரியாது. இரவு சாப்பிட்டபின் திண்ணையில் உட்கார்ந்து தமிழிலேயே கேட்பேன். தமிழிலேயே பதில் வரும். ஒரு நாள், என் பணத்தில் வங்கிகளில் மட்டும் எவ்வளவு இருக்கிறது என்று கேட்டேன். பதினாறு பங்குகளில் ஒன்பது வங்கியும் நிதி நிறுவனமும். மதிப்பில் பாதிக்கு மேல். பரவலாகப் போட்டிருக்கிறேன் என்று பத்து வருடமாக நம்பியிருந்தேன். எல்லா வயலிலும் ஒரே நெல் ரகம் போட்டுவிட்டுப் புகையான் பூச்சி வராது என்று இருந்ததைப் போலத்தான் இது. எந்தத் தரகரும் எனக்கு இதைச் சொன்னதில்லை.

இனி என் கோபத்துக்கு வருகிறேன்.

1904இல் கும்பகோணம் வங்கியாகத் தொடங்கிய சிட்டி யூனியன் வங்கியின் பங்குகளை அப்பா காகிதப் பத்திரமாக வாங்கி வைத்திருந்தார். அவர் காலமான பிறகு அவை என் டீமேட் கணக்குக்கு, அதாவது பங்குகளை மின்னணு வடிவில் வைக்கும் கணக்குக்கு மாறின. அப்படி மாறி வந்த பங்குகளுக்கு வாங்கிய விலை பதிவில் இல்லை. அந்த இடத்தில் பூஜ்யம் நிற்கிறது. உதவியாளர் அதைப் பார்த்து, அப்பாவின் பங்குகளுடைய மதிப்பு முழுவதும் லாபம் என்கிறது. மகளின் கல்லூரிக் கட்டணத்துக்குக் கொஞ்சம் விற்றால் வரி எவ்வளவு என்று கேட்டேன். விற்கும் தொகை முழுவதையும் லாபமாக வைத்துப் பைசா சுத்தமாக ஒரு கணக்குத் தந்தது.

சட்டம் அதற்குத் தெரியாதா? தெரியும். தனியாகக் கேட்டால் சரியாகவே சொல்கிறது: ஒரு வருடத்துக்கு மேல் வைத்திருந்த பங்கில் 1.25 லட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட லாபத்துக்கு 12.5 சதவீத வரி. வாரிசாக வந்த பங்குக்கு அப்பா வாங்கிய விலையும் தேதியுமே கணக்கு. 2018 பிப்ரவரிக்கு முன் வாங்கியதென்றால் அந்த ஜனவரி 31ஆம் தேதி விலைக்கும் சலுகை உண்டு. இத்தனையும் தெரிந்த ஒன்றுக்கு, "வாங்கிய விலை இங்கே இல்லை, உங்களிடம் இருக்கிறதா?" என்று கேட்கத் தோன்றவில்லை. தெரியாத விலை வேறு, பூஜ்யம் வேறு. அப்பா இலவசமாக வாங்கவில்லை. நெல் விற்ற காசில் வாங்கினார்.

இணைப்பு தினமும் காலையில் அறுந்துவிடும். மறுபடி உள்நுழைய வேண்டும். அதைப் பொறுத்துக்கொண்டேன். புதிய உரையாடல் தொடங்கும்போதெல்லாம் பழைய பூஜ்யமும் திரும்பி வருவதைத்தான் பொறுக்க முடியவில்லை. அந்தப் பூஜ்யத்தை விலையாக எடுக்காதே என்று, எல்லா உரையாடலுக்கும் பொதுவாக நிலையான குறிப்பு ஒன்று எழுதி வைத்தேன். பத்து நாள் கேட்டது. கேள்வி நீண்டபோது மறந்துவிட்டது.

பழியை முழுக்க அதன்மேல் போடுவதும் நியாயமில்லை. விலையை நானே நிரப்ப புரோக்கரின் பக்கத்தில் இடம் இருக்கிறது. ஆனால் அப்பா நான்கு முறை வாங்கியிருக்கிறார். இரண்டுக்குத்தான் வாங்கிய விலை உள்ள சீட்டு கிடைத்தது. மீதியை உத்தேசமாக எழுத எனக்கு மனம் வரவில்லை.

வங்கிப் பங்குகளில் மூன்றை விற்றுக் குறைத்தது அந்த உதவியாளரால்தான். அந்த நன்றி எனக்கு இருக்கிறது. இருந்தும் நீங்கள் இணைக்க வேண்டாம், மாப்பிள்ளை. உங்கள் கணக்கிலும் உங்கள் அப்பாவின் பங்குகள் இருக்கின்றன. நேற்றிரவு நானும் துண்டித்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை அம்மாவின் டிரங்குப் பெட்டியை இறக்கி மீதி இரண்டு சீட்டுகளையும் தேடப்போகிறேன்.