லைட்ரூம் கிளாசிக் ஷார்ப்பனிங்: பறவைப் படங்களைத் தாளில் பார்க்க விரும்புகிறவளின் மதிப்பீடு

நான் திருநெல்வேலியில் பள்ளிப் பிள்ளைகளுக்கு உயிரியல் நடத்துகிறேன். பறவைகள் வரும் காலத்தில் லென்ஸைத் தூக்கிக்கொண்டு நாங்குநேரிப் பக்கம் கூந்தன்குளம் போய்விடுவேன். 1994இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட ஊர் அது. அதற்கு வெகுகாலம் முன்பிருந்தே வீட்டு மரங்களில் கூடு கட்டும் பறவைகளை ஊர்க்காரர்கள் காத்து வருகிறார்கள். அங்கே எடுத்த படங்களை ஏ3 அளவில் அச்சடித்துச் சுற்றுவட்டாரப் பள்ளிகளுக்குக் கொடுக்கிறேன். பிள்ளைகள் படத்தைத் தள்ளி நின்று பார்ப்பதில்லை. மூக்கு உரசும் தூரத்துக்கு வந்து, கூழைக்கடாவின் மேல் அலகில் வரிசையாக இருக்கும் புள்ளிகளை விரல் வைத்து எண்ணுகிறார்கள். புள்ளி புள்ளியாகவே தெரிய வேண்டும், இறகு இறகாகத் தெரிய வேண்டும். அடோபியின் படத் திருத்த மென்பொருளான லைட்ரூம் கிளாசிக்கில் உள்ள ஷார்ப்பனிங்கை, அதாவது படத்தைக் கூராக்கும் வசதியை, நான் அளப்பது இந்தக் கோலை வைத்துத்தான்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். படத்தைத் திருத்தும் டெவலப் பகுதியில் இருக்கும் ஷார்ப்பனிங் நன்றாக இருக்கிறது. அச்சடிக்கும் பிரிண்ட் பகுதியில் இருப்பது அதைவிட நன்றாக இருக்கிறது, ஆனால் அதை அநேகம் பேர் திறந்தே பார்ப்பதில்லை. படத்தை அச்சடிக்கவே போவதில்லை என்றால் இந்த மென்பொருளுக்கு மாதாமாதம் சந்தா கட்ட ஷார்ப்பனிங் ஒரு காரணம் ஆகாது. அச்சடிக்கிறவர்களுக்கு ஆகும்.

எல்லா டிஜிட்டல் படத்துக்கும் கொஞ்சம் ஷார்ப்பனிங் ஏன் தேவைப்படுகிறது? பெரும்பாலான கேமரா சென்சாரில் ஒவ்வொரு பிக்சலும் சிவப்பு, பச்சை, நீலம் ஆகியவற்றில் ஏதாவது ஒன்றை மட்டுமே பார்க்கிறது. மற்ற இரண்டையும் பக்கத்துப் பிக்சல்களிடமிருந்து மென்பொருள் கணித்து நிரப்புகிறது. இந்த நிரப்புதலில் விளிம்புகள் லேசாகக் கரையும். சென்சாருக்கு முன்னால் மங்கலாக்கும் ஃபில்டர் உள்ள கேமராவாக இருந்தால் இன்னும் கொஞ்சம் கரையும். அதைத் திரும்பக் கொண்டுவருவது முதல் வேலை. ஜேபெக்காக எடுத்தால் கேமராவே அதைச் செய்துவிடும். அதனால்தான் லைட்ரூம் ஜேபெக் படத்துக்கு ஷார்ப்பனிங்கைப் பூஜ்யத்தில் வைத்துத் திறக்கிறது. கேமரா திருத்தாமல் அப்படியே கொடுக்கும் ரா ஃபைலுக்கு 40 வைத்துத் திறக்கிறது.

எந்த ஷார்ப்பனிங்கும் இல்லாத விவரத்தை உண்டாக்காது. விளிம்பின் வெளிச்சப் பக்கத்தை இன்னும் வெளிச்சமாக்கி, இருட்டுப் பக்கத்தை இன்னும் இருட்டாக்குகிறது. நம் கண் அதைக் கூர்மை என்று எடுத்துக்கொள்கிறது. இருட்டறைக் காலத்திலேயே நெகடிவோடு அதன் மங்கலான நகலைச் சேர்த்து வைத்து அச்சடித்து இதைச் செய்தார்கள். ‘அன்ஷார்ப் மாஸ்க்’ என்ற பெயர் அங்கிருந்து வந்ததுதான். ஆகவே போகஸ் தப்பிய படத்தை இது காப்பாற்றாது. வெயில் ஏறிய பிறகு குளத்துத் தண்ணீர் மேல் எழும் கானலில் எடுத்த படத்தையும் காப்பாற்றாது. 600 மில்லிமீட்டர் லென்ஸில் அந்தக் கானல் இறகையெல்லாம் பிசைந்து வைத்திருக்கும். விடிந்ததும் போய் எடுப்பதுதான் அதற்கு மருந்து.

இனி டெவலப் பகுதியில் உள்ள டீடெயில் பேனல். அமௌண்ட், ரேடியஸ், டீடெயில், மாஸ்கிங் என்று நான்கு ஸ்லைடர்கள். நான்கிலும் ஆல்ட் விசையை அழுத்திக்கொண்டு இழுத்தால் அந்த ஸ்லைடர் என்ன செய்கிறது என்று கறுப்பு வெள்ளையில் காட்டும். இதுபோல வேலை கற்றுக்கொடுக்கும் மென்பொருளை நான் அதிகம் பார்த்ததில்லை. ரேடியஸ் 0.5 முதல் 3 வரை போகும். இறகின் இழைகளுக்கு 0.8 போதும். 1.5ஐத் தாண்டினால் மஞ்சள் மூக்கு நாரையின் கரும்பச்சை இறக்கையிலுள்ள வெள்ளைச் செதில் கோடுகள் தடித்துப்போய், சாக்பீஸால் வரைந்த கோடாகிவிடும். மனித முகத்துக்கு நேர்மாறு: ரேடியஸ் கொஞ்சம் கூடவும் டீடெயில் குறைவாகவும் இருக்க வேண்டும்.

டீடெயில் ஸ்லைடரைத்தான் பலரும் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். பெயரைப் பார்த்து, விவரம் வேண்டும் என்று 100க்குத் தள்ளிவிடுகிறார்கள். இதன் இடது முனை விளிம்பைச் சுற்றி வரும் வெள்ளை வளையத்தை அடக்கும். வலது முனைக்குப் போகப் போகக் கணக்கே மாறி, லென்ஸின் மங்கலைப் பின்னோக்கிக் கழிக்கும் டீகன்வல்யூஷன் முறைக்கு நகரும். நல்ல வெளிச்சத்தில் ஐஎஸ்ஓ (கேமரா ஒளியை உணரும் அளவு) 200இல் எடுத்த படத்தில் 40, 50 வைத்தால் இறகு உயிரோடு வருகிறது. ஐஎஸ்ஓ 3200இல் அதே எண்ணை வைத்தால் நாய்ஸை, அதாவது மணல் தூவியதுபோல் படத்தில் வரும் புள்ளிகளை, அது இறகென்று நினைத்துக் கூராக்கும். அங்கே 10, 15க்கு இறங்கிவிட வேண்டும்.

மாஸ்கிங்தான் எனக்குப் பிடித்தது. ஆல்ட் அழுத்தி இழுத்தால் ஷார்ப்பனிங் படும் இடம் வெள்ளையாகவும் படாத இடம் கறுப்பாகவும் தெரியும். பறவைப் படத்தில் முக்கால்வாசி இடம் வானமோ தண்ணீரோதான். அங்கே கூராக்க எதுவும் கிடையாது, நாய்ஸைத் தவிர. வானம் முழுக்கக் கறுப்பாகி, பறவையின் கண்ணும் அலகும் இறகு விளிம்பும் மட்டும் வெள்ளையாக நிற்கும்வரை இழுங்கள். எனக்குப் பெரும்பாலும் 60க்கும் 75க்கும் நடுவில் அமைகிறது. அதன் பிறகு அமௌண்டை 55, 60 வரை ஏற்றினாலும் படம் கெடுவதில்லை.

இவற்றையெல்லாம் 100 சதவீதப் பெரிதாக்கத்தில் வைத்துத்தான் தீர்மானிக்க வேண்டும். 4கே மானிட்டர் வைத்திருப்பவர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். அதில் பிக்சல் மிகச் சிறியது, 100 சதவீதத்திலேயே படம் மழுமழுவென்று தெரியும், கை தானாகவே ஸ்லைடரை ஏற்றும்.

2023இல் வந்த டீநாய்ஸ் வசதி இந்தக் கணக்கைக் கொஞ்சம் மாற்றிவிட்டது. அதிகாலை மங்கலில் ஐஎஸ்ஓ 6400இல் எடுத்ததை அதில் போட்டு எடுத்தால் நாய்ஸ் போய் இறகு நிற்கிறது. ஆனால் அதற்கு முன் வைத்த ஷார்ப்பனிங் எண்களை அப்படியே விட்டுவிடாதீர்கள். சுத்தமான படத்துக்கு அவை பெரும்பாலும் பொருந்துவதில்லை. திரும்ப முதலிலிருந்து பாருங்கள். டீநாய்ஸை 100இல் வைத்தால் கூழைக்கடாவின் கழுத்துப் பிசிறுகள் பிளாஸ்டிக் மாதிரி வழவழவென்று ஆகிவிடுகின்றன. 30, 40 எனக்குப் போதும்.

இடம் பார்த்துக் கூராக்க மாஸ்க் பிரஷ் இருக்கிறது. கண்ணில் மட்டும் ஷார்ப்னஸை 20 ஏற்றலாம், பின்னால் இருக்கும் கருவேலங்கிளையில் மைனஸ் 40 இறக்கலாம். மைனஸ் 50க்குக் கீழே போனால் அது ஷார்ப்பனிங்கைக் குறைப்பதோடு நிற்காமல் அந்த இடத்தை மங்கலாக்கவே தொடங்கும். 2019இல் வந்த டெக்ஸ்சர் ஸ்லைடரும் இறகுக்கு நல்ல துணை. முதலில் தோலை மென்மையாக்கத்தான் அதை உருவாக்கத் தொடங்கினார்கள். வலது பக்கம் இழுத்தால் நடுத்தர அளவு விவரங்கள் வெள்ளை வளையம் இல்லாமல் எழும்பி வருகின்றன.

பிரிண்ட் பகுதிக்கு வருவதற்கு முன் ஒருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். ப்ரூஸ் ஃப்ரேசர். ஷார்ப்பனிங்கை ஒரே மூச்சில் செய்யாமல் மூன்று தடவையாகப் பிரிக்க வேண்டும் என்று வற்புறுத்தியவர். கேமராவின் மங்கலைச் சரிசெய்ய ஒன்று, படத்தில் எங்கே கண் போக வேண்டுமோ அங்கே ஒன்று, கடைசியாகத் தாளுக்கோ திரைக்கோ ஏற்ப ஒன்று. 2006 டிசம்பரில் அவர் இறந்தார். அடுத்த ஆண்டு லைட்ரூம் 1.1இல் மேலே சொன்ன நான்கு ஸ்லைடர்கள் வந்தன. 2008இல் லைட்ரூம் 2 வந்தபோது, அவரும் நண்பர்களும் பிக்சல்ஜீனியஸ் நிறுவனத்தில் உருவாக்கிய முறை அச்சுக்கான ஷார்ப்பனிங்காக உள்ளே வந்தது. இன்று பிரிண்ட் பகுதியில் நாம் தொடும் இரண்டு சின்னப் பெட்டிகளுக்குப் பின்னால் இருப்பது அவருடைய உழைப்பு.

பெட்டிகளைப் பார்த்தால் எதுவும் பெரிதாகத் தெரியாது. ஒன்றில் லோ, ஸ்டாண்டர்ட், ஹை. இன்னொன்றில் மேட், கிளாஸி. அவ்வளவுதான். படத்தின் பிக்சல் அளவு, தாளில் அதன் அளவு, அங்குலத்துக்கு எத்தனை பிக்சல் என்பதையெல்லாம் வைத்து, எவ்வளவு கூராக்க வேண்டும் என்பதை அதுவே கணக்கிடுகிறது. 24 மெகாபிக்சல் படம் முழுதாக ஏ3இல் வந்தால் அங்குலத்துக்கு ஏறத்தாழ 360 பிக்சல் கிடைக்கும். பறவை தூரத்தில் இருந்ததால் நீளத்திலும் அகலத்திலும் பாதியாக வெட்டியிருந்தால் 180தான். இரண்டுக்கும் ஒரே அளவு கூராக்கினால் ஒன்று மங்கும், மற்றது கொப்பளிக்கும். இந்தக் கணக்கை நான் கையால் போட வேண்டியதில்லை என்பதே எனக்குப் பெரிய நிம்மதி. பிரிண்ட் ரெசல்யூஷன் என்ற இடத்தில் என் எப்சன் பிரிண்டருக்கு 360 கொடுக்கிறேன். படத்தில் அதைவிட அதிக பிக்சல் இருந்தால் 720. கேனான் வைத்திருப்பவர்கள் 300, 600 கொடுக்கலாம்.

மேட்டா கிளாஸியா என்று அது கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. கிளாஸித் தாளில் மை மேல் பூச்சிலேயே நின்றுவிடும். மேட் தாளில் மை ஊறிப் பக்கவாட்டில் கொஞ்சம் பரவும், விளிம்பு கரையும். அதற்கு ஈடாக மேட் என்று தேர்ந்தால் கூடுதலாகக் கூராக்கி அனுப்புகிறது. பள்ளிச் சுவரில் டியூப்லைட் வெளிச்சம் பளபளக்காமல் இருக்க நான் மேட் தாள்தான் போடுகிறேன். என் ஆறு நிற மை டேங்க் எப்சனில் மேட், ஸ்டாண்டர்ட் என்று வைத்து எடுத்த வரித்தலை வாத்தின் தலையில் அந்த இரண்டு கறுப்புப் பட்டைகளும் மயிரிழையாகப் பிரிந்து நிற்கின்றன. ஹை வைத்தது எனக்கு எந்தப் பறவைப் படத்திலும் ஒத்துவரவில்லை. கோயில் தூண், மரப்பட்டை போன்றவற்றுக்குப் பொருந்தலாம்.

குறை ஒன்று பெரியது. இந்த அச்சு ஷார்ப்பனிங் திரையில் தெரியவே தெரியாது. தாள் வெளியே வந்த பிறகுதான் தெரியும். இப்போது டிஎக்ஸ்ஓ நிறுவனம் விற்கும் நிக் மென்பொருள் தொகுப்பில் உள்ள ஷார்ப்பனர், படத்தைப் பார்க்கும் தூரம், தாள் வகை எல்லாம் கேட்டு, முடிவைத் திரையிலேயே காட்டுகிறது. ஆனால் அச்சுக்காகக் கூராக்கிய படம் திரையில் கரடுமுரடாகத்தான் தெரியும். அதைப் பார்த்துப் பயந்து குறைத்துவிடுகிறவர்கள் நிறைய. ஆகவே காட்டாமல் விட்டது அத்தனை மோசம் என்றும் சொல்ல மாட்டேன். நான் செய்வது இது: படத்தின் விர்ச்சுவல் காப்பி ஒன்று எடுத்து, நீளம் பாதி அகலம் பாதியாக, கண்ணும் அலகும் வரும்படி வெட்டி, ஏ5 அளவில் அடிப்பேன். அது ஏ3இல் வரப்போகும் அதே உருப்பெருக்கம். ஒரே ஏ4 தாளில் மேல்பாதியில் லோ, தாளைத் திருப்பி விட்டு மறுபாதியில் ஸ்டாண்டர்ட். ஜன்னலருகே வைத்துப் பார்த்தால் ஒரு நிமிடத்தில் பதில் கிடைத்துவிடும். இன்னொன்று: டிராஃப்ட் மோட் டிக் ஆகியிருந்தால் ஷார்ப்பனிங் வேலையே செய்யாது. அதை எடுத்துவிட்டிருக்கிறோமா என்று ஒவ்வொரு தடவையும் பாருங்கள்.

சந்தா முடியாது என்கிறவர்களுக்கு ராதெரபி என்ற மென்பொருள் இருக்கிறது. இலவசம். 2020இல் வந்த 5.8 பதிப்பிலிருந்து அதிலுள்ள கேப்சர் ஷார்ப்பனிங், ரேடியஸைத் தானே கணித்து டீகன்வல்யூஷன் செய்கிறது. ஃப்ரேசர் பிரித்த மூன்றில் முதல் கட்டத்தை மட்டும் பார்த்தால் லைட்ரூமுக்கு அது எந்த விதத்திலும் குறைந்ததில்லை, சில படங்களில் ஒரு படி மேல். என் மாணவர்களுக்கு அதைத்தான் கற்றுக்கொடுக்கிறேன். அச்சடிக்கும் பகுதி அதில் கிடையாது, அதனால் மூன்றாவது கட்டத்தை நாமே கணக்குப் போட்டுச் செய்ய வேண்டியிருக்கும்.

வீட்டில் பிரிண்டர் இல்லாதவர்களும் பிரிண்ட் பகுதியைப் பயன்படுத்தலாம். ‘பிரிண்ட் டு’ என்ற இடத்தில் பிரிண்டருக்குப் பதில் ஜேபெக் ஃபைல் என்று தேர்ந்து, 12க்கு 18 அங்குலம், 300 பிக்சல் கொடுத்து, ஷார்ப்பனிங்கோடு சேமித்து லேபுக்குக் கொண்டுபோகலாம். ஆனால் லேபிலும் கேட்டுக்கொள்ள வேண்டும். எங்கள் ஊர் லேப் ஒன்றில் கொடுத்த நாரைப் படம், வானத்தை ஒட்டிய இறக்கை ஓரம் முழுக்க வெள்ளைக் கோடு சுற்றி வந்தது. கேட்டதற்கு, “டீச்சர், எல்லாப் படத்துக்கும் எங்க மெஷின்ல ஒரு தடவை ஷார்ப் ஏத்தித்தான் விடுவோம். வேண்டாம்னா முதல்லயே சொல்லிருங்க” என்றார் அங்கே இருந்த தம்பி. அதை நிறுத்தி அடித்துக் கொடுத்ததும் கோடு போய்விட்டது. இப்போது ஃபைல் பெயரிலேயே ‘கரெக்‌ஷன் வேண்டாம், ஷார்ப் வேண்டாம்’ என்று சேர்த்துத்தான் பென் டிரைவில் போடுகிறேன். பில் போடும்போதும் ஒரு தடவை வாயால் சொல்லிவிடுகிறேன்.