எம்-640: ஒரே ஒருமுறை செய்யப்பட்ட 4,000 குதிரைத்திறன்

மாண்ட்ரியலுக்குத் தெற்கே செயின்ட் கான்ஸ்டன்ட் ஊரில் உள்ள எக்ஸ்போரெயில் அருங்காட்சியகத்தில், கனடியன் பசிபிக் ரயில்வேயின் 4744-ஆம் எண் டீசல் இன்ஜின் இளைப்பாறிக்கொண்டிருக்கிறது. விற்பனைச் சரக்கு என்ற அளவில் இதை மதிப்பிட்டால், தோற்றுப்போனது என்றே சொல்ல வேண்டும். 1971-இல் மாண்ட்ரியல் லோகோமோட்டிவ் ஒர்க்ஸ் ஆலை எம்-640 என்ற பெயரில் இதைச் செய்து முடித்தது. இரண்டாவது ஒன்றை எந்த ரயில்வேயும் கேட்கவில்லை. உழைப்பாளி என்ற அளவில் என் தீர்ப்பு வேறு.

அமெரிக்காவின் ஆல்கோ நிறுவனம் 1969-இல் ரயில் இன்ஜின் தயாரிப்பைக் கைவிட்டபோது, அதன் வடிவமைப்புகளுக்கு மாண்ட்ரியல் ஆலையே வாரிசானது. 16 சிலிண்டர் கொண்ட 251 வகை டீசலிலிருந்து 3,600 குதிரைத்திறன் எடுத்துவந்தவர்கள், பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு சிலிண்டர் கூட்டி 4,000-ஐத் தொட்டார்கள். அந்தச் சிலிண்டர் ஒன்றின் கொள்ளளவே ஏறத்தாழ 11 லிட்டர். நம் ஊர்ப் பழைய லாரியின் ஆறு சிலிண்டரையும் சேர்த்தாலும் அதில் பாதிதான் தேறும்.

251 குடும்பம் நமக்குப் புதிதல்ல. இந்தியாவின் மீட்டர் பாதையில் ஓடிய ஒய்டிஎம்-4ஏ இன்ஜின்களும், இலங்கையின் எம்4 இன்ஜின்களும் இதே ஆலையிலிருந்து கப்பலேறி வந்தவை. அவை புறப்படுவதைப் பார்த்தவர்கள் அந்தக் கரும்புகையை மறந்திருக்க மாட்டார்கள். டிரைவர் நாட்ச்சை, அதாவது விசைக் கைப்பிடியின் படியை, ஏற்றியதும் டீசல் உடனே கூடிவிடும். இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் டர்போ வேகம் பிடித்து அதற்கு ஈடான காற்றைத் தரச் சில நொடிகள் ஆகும். அந்த இடைவெளியில் சரியாக எரியாத எண்ணெய்தான் கரியாக வெளியேறும்.

4744 சறுக்கியது வேறொரு கணக்கில். ஏற்றத்தில் மெதுவாக ஊரும் சரக்கு ரயிலுக்கு, குதிரைத்திறனைவிடச் சக்கரத்துக்கும் தண்டவாளத்துக்கும் இடையிலான பிடிப்பே முக்கியம். ஆறு அச்சு இன்ஜின்கள் இரண்டு ஒரே எடையில் இருந்தால், 3,000 குதிரைத்திறன் கொண்டது இழுக்கும் சுமைக்கு மேல் 4,000 குதிரைத்திறன் கொண்டதும் அந்த வேகத்தில் பெரிதாக இழுத்துவிடாது, ஏனெனில் அதற்குள் சக்கரம் வழுக்கிவிடும். எனவேதான் கனடியன் பசிபிக் 1972-இலிருந்து ஜெனரல் மோட்டார்ஸின் 3,000 குதிரைத்திறன் கொண்ட எஸ்டி40-2 இன்ஜின்களை நூற்றுக்கணக்கில் வாங்கிக் குவித்தது. ஒரே வகை, ஒரே உதிரிபாகம், ஒரே பயிற்சி என்று ஓடும் பணிமனையில், 18 சிலிண்டர் இன்ஜின் ஒன்றே ஒன்று என்பது கொஞ்சம் தலைவலிதான்.

இனமில்லாமல் தனித்து நின்றதே பிறகு இதற்கு ஒரு வேலையைத் தந்தது. இத்தகைய இன்ஜினில் டீசல் உண்டாக்குவது மின்சாரம்; சக்கரங்களைச் சுழற்றுவது அதில் ஓடும் மோட்டார்கள். 1980-களின் நடுவில் இதன் நேர்மின்னோட்ட (டிசி) மோட்டார்களுக்கு மாற்றாக மாறுமின்னோட்ட (ஏசி) மோட்டார்களைப் பொருத்திச் சோதித்தார்கள். பழைய மோட்டாரில் கார்பன் பிரஷ் தேயும், அது உரசிச் செல்லும் கம்யூட்டேட்டர் வளையம் கருகும், முழுச் சுமையோடு மெல்ல ஏறினால் சுருள்கள் சூடேறும். புதியதில் பிரஷ்ஷே கிடையாது. சக்கரம் வழுக்கத் தொடங்கும் கணத்திலேயே அடக்கவும் முடியும். வட அமெரிக்காவில் இவ்வகையில் முன்னோடியான சோதனைகளில் இதுவும் ஒன்று. 1995-இல் கனடியன் பசிபிக், மாறுமின்னோட்டத்தில் இயங்கும் ஜெனரல் எலக்ட்ரிக் இன்ஜின்களை வாங்கத் தொடங்கியது.

அருங்காட்சியகத்துக்குப் போகிறவர்களின் கண் முதலில் நீல நிற டொமினியன் ஆஃப் கனடா நீராவி இன்ஜின் மேல்தான் விழும். அதன் அழகு அப்படி. அதைப் பார்த்து முடித்ததும் 4744-இன் பக்கம் வந்து, குனிந்து, சக்கரங்களுக்கு நடுவே மோட்டார்கள் இருக்கும் இடத்தைச் சற்று நேரம் பாருங்கள்.