ஆர்க்டிகா பனியுடைப்புக் கப்பல் கிட்: வாங்கலாமா?

கிருஷ்ணகிரி ரவுண்டானா பக்கம் ஒரு கடையில் கிடைக்கும் 1:350 பிளாஸ்டிக் கிட், அதாவது இந்த ரஷ்யக் கப்பலின் 350-ல் ஒரு பங்கு அளவு மாதிரி, பாகங்களை நாமே ஒட்டிச் சேர்க்க வேண்டும். அசல் 173.3 மீட்டர் நீளம், மாதிரி 49.5 செ.மீ., கணக்கு சரி.

முகப்பைத்தான் முதலில் பார்க்க வேண்டும். நம் கிரானைட் குவாரியில் ஆப்படித்துப் பிளப்பதுபோல இக்கப்பல் பனியைப் பிளப்பதில்லை. சரிந்த முகப்பால் பனிமேல் ஏறி, தன் எடையால் அழுத்தி உடைக்கிறது. அந்தச் சரிவு கிட்டில் அச்சாக வந்திருக்கிறது. அசலில் இரண்டு ரிட்ம்-200 அணு உலைகள், 60 மெகாவாட் உந்துதிறன், மூன்று புரொப்பல்லர்கள், சுமார் 2.8 மீட்டர் பனியிலும் நிற்காமல் மெல்ல நகரும்.

பனிக்கட்டி மோதும் என்பதால் அசலில் புரொப்பல்லர் இறக்கைகள் தடிமன். கிட்டிலோ மிக மெலிசு! பாகங்கள் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் சட்டத்திலிருந்து கையால் முறித்தெடுத்தால் ஒடியும், கட்டர் வேண்டும். பசை தனியாக வாங்கணும். உடலின் இரு பாதிகளை அடியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக ஒட்டுங்கள். அவசரப்பட்டால் முகப்பில் இடைவெளி விழும், பட்டி பூசி அடைத்தால் சரிவே மாறிவிடும்.